பரம்பரையாக வரும் மார்பகப் புற்றுநோய்: மரபணுச் சோதனை செய்வதா, வேண்டாமா? வேலூர் வட்டாரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆம்பூர், ஆரணி பக்கத்துக் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். டாக்டரைப் பார்க்கப் போகும் முன் ஒருமுறை படித்துவிட்டுப் போனால், அங்கே கிடைக்கும் பத்து நிமிடத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

அம்மாவுக்கும் சித்திக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. அப்படியென்றால் இது பரம்பரை நோய்தானா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மார்பகப் புற்றுநோய் வரும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மரபணுப் பழுது நேரடிக் காரணமாக இருக்கிறது. பரவலாக வரும் நோய் என்பதால் ஒரே வீட்டில் இரண்டு பேருக்குத் தற்செயலாகவும் வந்துவிடும். 70 வயதைத் தாண்டிய பாட்டிக்கும் 65 வயதுப் பெரியம்மாவுக்கும் வந்தது என்றால் பரம்பரைச் சந்தேகம் குறைவு.

சந்தேகப்பட வேண்டிய இடங்கள் வேறு. 50 வயதுக்குள் வந்திருந்தால், இரண்டு மார்பகங்களிலும் வந்திருந்தால், பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'டிரிபிள் நெகட்டிவ்' (இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்-2 என்ற புரதமும் இல்லாத வகை) என்று இருந்தால், சூலகப் (ஓவரி) புற்றுநோய் குடும்பத்தில் ஒரே ஒருவருக்கு எந்த வயதில் வந்திருந்தாலும், ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் விசாரிக்க வேண்டும். கணையப் புற்றும், உடலில் பரவிய புரோஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றும் இதே கணக்கில் சேரும். பலர் இந்த இரண்டையும் 'அது வேற கேன்சர்' என்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

எந்த மரபணு?

முக்கியமானவை இரண்டு. டாக்டர்கள் 'பிராக்கா-1', 'பிராக்கா-2' என்பார்கள், ரிப்போர்ட்டில் பி.ஆர்.சி.ஏ. என்று நான்கு எழுத்தாக இருக்கும். முதலாவது 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது, 1994ல் பிரித்தறியப்பட்டது. இரண்டாவது 13ஆவதில் இருக்கிறது, 1995ல் பிரித்தறியப்பட்டது. டி.என்.ஏ.வில் ஏற்படும் முறிவுகளைச் சரிசெய்வது இவற்றின் வேலை. ஒன்று பழுதானால் முறிவுகள் சரியாகாமல் சேர்ந்துகொண்டே போகும், ஏதோ ஒரு செல் கட்டுப்பாடு இழக்கும். இவை தவிர பால்பி-2, செக்-2, ஏ.டி.எம்., டி.பி.-53 என்று சில உண்டு. எல்லாம் ஒரே அளவு ஆபத்து உள்ளவை அல்ல. செக்-2 பழுதுக்கு பிராக்கா-1க்குச் செய்வதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை.

அப்பா வழியில் வந்தாலும் கணக்கு உண்டா?

உண்டு. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வர ஒரே அளவு வாய்ப்பு. பழுது உள்ளவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்திருக்க 50 சதவீதம். அப்பாவோடு பிறந்தவர்கள் எல்லாரும் ஆண்களாக இருந்தால் இரண்டு தலைமுறை நோயே இல்லாததுபோலத் தெரிந்து, பேத்தியிடம் திடீரென்று வெளிப்படும். அதனால் அத்தைகளையும் அப்பாவின் அம்மாவையும் கட்டாயம் விசாரியுங்கள்.

தோல் தொழிற்சாலைத் தண்ணீரால்தான் வந்தது என்று ஊரில் சொல்கிறார்களே?

வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. பாலாற்று மாசு உண்மை. குரோமியம்-6 என்ற வேதிப்பொருள் அதைச் சுவாசிக்கும் தொழிலாளிகளுக்கு நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பதும் நிரூபணமானது. ஆனால் பரம்பரையாக வரும் பிராக்கா பழுதைத் தண்ணீர் உண்டாக்குவதில்லை, அது கருவிலேயே வந்துவிட்டது. தண்ணீர்மேல் பழியைப் போட்டுவிட்டு, 38 வயதில் இறந்த அத்தையை மறந்துவிடுவதுதான் நாங்கள் பயப்படும் விஷயம்.

டாக்டரிடம் போகும் முன் என்ன தயார் செய்ய வேண்டும்?

மூன்று தலைமுறை வம்சாவளி. ஒரு முழு வெள்ளைத்தாள் போதும். மேலே தாத்தா பாட்டி நான்கு பேர், நடுவில் பெற்றோரும் அவர்களோடு பிறந்தவர்களும், கீழே நீங்களும் உடன்பிறந்தவர்களும் பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை பிள்ளைகளும். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குக் கட்டம், இறந்தவர்மேல் ஒரு சாய்கோடு. நோய் வந்தவர்களுக்குப் பக்கத்தில் இரண்டு தகவல் எழுதுங்கள்: எந்த உறுப்பில், எந்த வயதில் கண்டுபிடித்தார்கள். இறந்த வயதைவிடக் கண்டுபிடித்த வயதுதான் முக்கியம். வயது தெரியாவிட்டால், 'பெரிய பொண்ணு கல்யாணத்துக்கு முந்தின வருஷம்' என்று பெரியவர்கள் சொல்வதை வைத்துக் கணக்குப் போடலாம்.

நோய் வராதவர்களையும் எழுத வேண்டும். ஐந்து அத்தைகளில் ஒருவருக்கு வந்ததும், ஒரே ஒரு அத்தைக்கு வந்ததும் ஒன்றல்ல. கல்யாணம் சொந்தத்திலா என்பதையும் குறியுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

அதிகம் குழப்புவது வயிற்றுப் பகுதி. 'வயித்துல கட்டி', 'கர்ப்பப்பைப் புத்து' என்று வீட்டில் சொல்வது வெவ்வேறு நோய்களாக இருக்கலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்று எச்.பி.வி. வைரஸால் வருவது, நம் பக்கத்தில் முந்தைய தலைமுறைப் பெண்களிடம் நிறைய இருந்தது, பிராக்காவோடு சம்பந்தமில்லை. சூலகப் புற்றுக்குச் சம்பந்தம் மிக அதிகம். பெரியம்மாவுக்கு 'ரேடியேஷன் கொடுத்தார்கள், ரத்தப்போக்கு இருந்தது' என்றால் பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ப் புற்று. 'வயிறு உப்பி, தண்ணீர் எடுத்தார்கள், பிறகு கீமோ' என்றால் சூலகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊகம் ஊகம்தான். டிரங்குப் பெட்டியில், பீரோவுக்கு அடியில் இருக்கும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தேடி எடுங்கள். சிகிச்சை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் (சி.எம்.சி.) நடந்திருந்தால், அன்றைய ஆஸ்பத்திரி நம்பர் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு கிடைத்தாலும் பழைய பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கலாம்.

இன்னொன்று: 'எனக்கு கர்ப்பப்பை எடுத்தாச்சு' என்கிற பெண்கள் நம் ஊர்களில் ஏராளம், பலருக்கு 40 வயதுக்குள்ளேயே. எடுத்தது கர்ப்பப்பை மட்டுமா, இரண்டு சூலகங்களும் சேர்த்தா? பலருக்கே தெரியாது. சூலகம் உள்ளேயே இருந்தால் ஆபத்தும் உள்ளேயே இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவையின் பெயரைப் பாருங்கள். புரியாவிட்டால் அப்படியே டாக்டரிடம் காட்டுங்கள்.

குடும்பத்தில் யாருக்கு முதலில் சோதனை செய்வது?

நோய் வந்தவருக்கு. இதில் பெரும்பாலான வீடுகள் தலைகீழாகச் செய்கின்றன. அம்மாவுக்கு நோய் வந்திருக்கும். பயந்துபோன 25 வயது மகள், பணம் கட்டி, தான் மட்டும் ரத்தம் கொடுப்பாள். 'நெகட்டிவ்' என்று வரும். அதற்கு என்ன அர்த்தம்? அம்மாவின் நோய்க்குக் காரணமான பழுது மகளுக்கு வரவில்லை என்றும் இருக்கலாம்; அம்மாவுக்கே அப்படிப்பட்ட பழுது இல்லை என்றும் இருக்கலாம்; இந்தச் சோதனையால் கண்டுபிடிக்க முடியாத பழுது குடும்பத்தில் ஓடுகிறது என்றும் இருக்கலாம். மூன்றில் எது என்று சொல்ல முடியாது. பணமும் போய், நிம்மதியும் கிடைக்காது.

அம்மாவுக்கு முதலில் செய்து, குறிப்பிட்ட ஒரு பழுது தெரிந்துவிட்டால் எல்லாம் மாறிவிடும். மகளுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும், செலவு பல மடங்கு குறையும், பதில் ஆம் அல்லது இல்லை என்று தெளிவாக வரும். நோய் வந்தவர்கள் பலர் இருந்தால் மிக இளம் வயதில் வந்தவரையோ, சூலகப் புற்று வந்தவரையோ தேர்ந்தெடுங்கள்.

நோய் முற்றியவர் வீட்டில் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். கேட்பதற்கே கூசும், தெரியும். ஆனால் 'இந்த ரத்தம் பிள்ளைகளுக்காக' என்று சொன்னால் மறுக்கும் தாய்மார்கள் மிகக் குறைவு. அவர் இறந்த பிறகு ஆஸ்பத்திரியில் இருக்கும் மெழுகுக் கட்டியில் வைத்த திசுவிலிருந்தும் டி.என்.ஏ. எடுக்கலாம். பழையதாக ஆக அது சிதைந்துபோகும், எல்லா ஆய்வகமும் ஏற்காது. யாருமே உயிரோடு இல்லை என்றால் நோய் வராதவருக்கே செய்ய வேண்டியதுதான், மேலே சொன்ன குறையைத் தெரிந்துகொண்டு.

சோதனை எப்படி நடக்கும்? எங்கே தப்பு நடக்கிறது?

கையிலிருந்து 3 முதல் 5 மில்லி ரத்தம். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை. ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாயில் எடுப்பார்கள். பச்சை மூடிக் குழாயில் ஹெப்பாரின் இருக்கும், அது டி.என்.ஏ.வைப் பெருக்கும் வேலையைக் கெடுத்துவிடும். ஊர் லேபில் எடுத்து அனுப்புகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில ஆய்வகங்கள் எச்சிலையும் ஏற்கும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே சாப்பாடு, வெற்றிலை பாக்கு எதுவும் கூடாது. முடிவு வர பொதுவாக மூன்று நான்கு வாரம்.

பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, மரபணு முழுவதையும் படிக்கிறீர்களா, குறிப்பிட்ட சில இடங்களை மட்டுமா? மலிவாகக் கிடைக்கும் சில சோதனைகள் வேறு நாட்டு மக்களிடம் அதிகம் காணப்படும் சில இடங்களை மட்டும் பார்ப்பவை. நமக்கு அவை பயனில்லை. இரண்டு, பெரிய துண்டே காணாமல் போயிருந்தாலோ இரட்டித்திருந்தாலோ தெரியுமா? சாதாரண வரிசைப் படிப்பில் அது தப்பிவிடக்கூடும், எம்.எல்.பி.ஏ. போன்ற தனி முறை சேர்ந்திருக்க வேண்டும்.

கட்டியில் செய்த மரபணுச் சோதனையையும் ரத்தத்தில் செய்வதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கட்டியில் தெரியும் மாற்றம் கட்டிக்குள் மட்டும் உண்டானதாக இருக்கலாம். பிள்ளைகளுக்குப் போகுமா என்பதை ரத்தம்தான் சொல்லும். எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர் என்றால் ரத்தத்தில் இருப்பது தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ.; தோலிலிருந்து மாதிரி எடுக்க வேண்டும். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் அதையும் சொல்லுங்கள்.

வேலூரில் எங்கே போவது?

சி.எம்.சி.யில் மருத்துவ மரபியல் துறை இருக்கிறது. ஆனால் நகரத்து வளாகம், 2022ல் திறந்த ராணிப்பேட்டை வளாகம் என்று துறைகள் பிரிந்திருக்கின்றன, எந்தப் பிரிவு எந்த வளாகத்தில் என்று போன் செய்து கேட்காமல் பஸ் ஏறாதீர்கள். வெளிமாநிலக் கூட்டத்தில் அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போகும், முன்கூட்டியே போடுங்கள். கட்டி, மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), பயாப்ஸி, அறுவை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. சென்னையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனம்.

எங்கே போனாலும் வரிசை இதுதான்: முதலில் மரபணு ஆலோசனை, பிறகு ரத்தம், ரிசல்ட் வந்ததும் மறுபடி ஆலோசனை. ரத்தத்தை எடுத்துவிட்டு ரிசல்ட்டை வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்புகிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எவ்வளவு செலவு? காப்பீட்டில் வருமா?

பல மரபணுக்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல் சோதனை ஏறக்குறைய 15,000 முதல் 30,000 ரூபாய் வரை, ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறும். குடும்பத்தில் தெரிந்துவிட்ட ஒரே பழுதை மட்டும் தேடுவது இதில் ஒரு சிறு பங்கு. சில ஆய்வகங்கள் முதல் நபருக்குப் பழுது தெரிந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் நெருங்கிய உறவினருக்குச் சலுகை தரும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை உண்டு. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்திலுள்ள மையத்தில் அட்டை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அறுவை, கீமோவுக்குக் கைகொடுக்கும். மரபணுச் சோதனை சேருமா என்பதை ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்ட்டரில் ரத்தம் கொடுப்பதற்கு முன் கேளுங்கள். பின்னால் கேட்டுப் பயனில்லை.

தனியார் பாலிசி விஷயம் வேறு. மரபணு நோய் என்ற விலக்கைக் காட்டி க்ளைம் மறுக்கக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018ல் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஆனால் அமெரிக்காவில் 2008லிருந்து இருப்பதுபோல் மரபணுப் பாகுபாட்டைத் தடுக்கும் தனிச் சட்டம் இங்கே இல்லை. பாலிசி எடுக்கும் எண்ணம் இருந்தால் சோதனைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். படிவத்தில் குடும்ப நோய் பற்றிக் கேட்டிருந்தால் உள்ளதை எழுதுங்கள். மறைத்தால் பின்னால் க்ளைமை மறுக்க அதுவே காரணமாகும்.

ரிசல்ட்டில் என்னென்ன வரலாம்?

மூன்றில் ஒன்று. நோய் உண்டாக்கும் பழுது இருக்கிறது; ஒன்றும் தெரியவில்லை; அர்த்தம் தெரியாத மாற்றம் இருக்கிறது.

மூன்றாவதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். ரிப்போர்ட்டில் வி.யு.எஸ். என்று மூன்று எழுத்து இருக்கும். பத்திரத்தில் ஓரெழுத்து மாறியிருக்கிறது, சொத்துக்கு ஆபத்தா வெறும் எழுத்துப்பிழையா என்று பதிவாளருக்கே தெரியாத நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகத் தரவுகளில் நம் நாட்டவர்களின் மாதிரிகள் குறைவு என்பதால் நமக்கு இது அதிகம் வருகிறது. பின்னாளில் தெளிவாகும்போது பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. எனவே வி.யு.எஸ்.ஸை நம்பி சூலகத்தையோ மார்பகத்தையோ எடுக்கக் கூடாது, உறவினருக்கு அதைச் சோதிக்கவும் கூடாது. குடும்ப வரலாறு சொல்லும் கண்காணிப்பைத் தொடருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வகத்திடம் வகை மாறியதா என்று கேளுங்கள். அவர்களாகக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

'ஒன்றும் தெரியவில்லை' என்பதிலும் இரண்டு வகை. அம்மாவுக்குத் தெரிந்த பழுது மகளுக்கு இல்லை என்றால் அது உண்மையான நிம்மதி, அவளுக்கு மற்றப் பெண்களுக்குள்ள ஆபத்துதான். அம்மாவுக்கே ஒன்றும் தெரியவில்லை என்றால், குடும்பத்தில் நோய் நிறைய இருக்கும் பட்சத்தில் ஆபத்து அப்படியேதான் இருக்கிறது.

பழுது இருக்கிறது என்று வந்துவிட்டால் கட்டாயம் நோய் வருமா?

கட்டாயமில்லை. 2017ல் வெளியான பெரிய ஆய்வின்படி 80 வயதுக்குள் மார்பகப் புற்று வரும் வாய்ப்பு பிராக்கா-1 உள்ளவர்களில் 100க்கு 72, பிராக்கா-2வில் 69. சூலகப் புற்று முறையே 44, 17. இது வாழ்நாள் முழுவதுக்குமான கணக்கு. 28 வயதில் ரிசல்ட் வாங்கும் பெண்ணுக்கு அடுத்த ஓராண்டில் நோய் வரும் வாய்ப்பு மிகச் சிறியது. எனவே அந்த வாரமே ஆபரேஷன் தேதி கேட்கத் தேவையில்லை. பல மாதம் எடுத்து யோசிக்கலாம்.

பழுது உள்ளவருக்குக் கண்காணிப்பு எப்படி?

பிராக்கா பழுதுக்கு: 18 வயதிலிருந்து தன் மார்பகத்தின் இயல்பைத் தெரிந்துவைத்திருப்பது, 25 வயதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கையால் பார்ப்பது, 25 முதல் 29 வரை ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ., 30 முதல் 75 வரை ஆண்டுக்கு ஒரு எம்.ஆர்.ஐ.யும் ஒரு மேமோகிராமும். இரண்டையும் ஆறு மாத இடைவெளியில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, டாக்டரோடு பேசி முடிவெடுங்கள். இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருக்கும், மேமோகிராமில் கட்டி வெள்ளைமேல் வெள்ளையாக மறைந்துவிடும், அதனால்தான் எம்.ஆர்.ஐ.

எம்.ஆர்.ஐ.யை மாதவிலக்கு தொடங்கிய 7ஆம் நாளிலிருந்து 15ஆம் நாளுக்குள் வையுங்கள். வேறு நாட்களில் ஹார்மோனால் சாதாரண திசுவே ஸ்கேனுக்காக ஊசியில் ஏற்றும் மருந்தை உறிஞ்சிப் பளிச்சென்று தெரியும், தேவையில்லாத பயாப்ஸியில் முடியும். குப்புறப் படுத்து, மார்பகம் துவாரத்தில் தொங்க, அசையாமல் அரை மணி நேரம் வரை இருக்க வேண்டும். கையில் ஊசி வழியாக கேடோலினியம் மருந்து ஏறும்; சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தாலிச் சங்கிலி, மெட்டி, மூக்குத்தி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். கழற்ற மனம் வராத அம்மாக்கள் உண்டு. முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் மாற்றிக்கொண்டு வந்தால் சிக்கலில்லை, ஆனால் கயிற்றில் தங்கப் பொட்டு கோத்திருந்தால் அதையும் எடுத்துவிட வேண்டும்.

மேமோகிராம் அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், சென்ட் போடாதீர்கள். டால்க் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரிந்து வீண் பயத்தைக் கிளப்பும்.

சூலகத்துக்கு இப்படி நம்பகமான கண்காணிப்பு கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேனும் சி.ஏ.-125 ரத்தப் பரிசோதனையும் செய்தாலும் நோயை ஆரம்பத்திலேயே பிடிக்கிறது என்று நிரூபணம் இல்லை.

அப்படியானால் சூலகத்தை எடுத்துவிட வேண்டுமா?

பிராக்கா-1 என்றால் குழந்தை பெற்று முடித்து 35 முதல் 40 வயதுக்குள், பிராக்கா-2 என்றால் 40 முதல் 45க்குள் இரண்டு சூலகங்களையும் கருக்குழாய்களையும் எடுப்பது பரிந்துரை. இதைத்தான் நாங்கள் அழுத்திச் சொல்வோம், ஏனென்றால் உயிரைக் காப்பது நிரூபணமானது. சூலகப் புற்று ஆபத்து 80 சதவீதத்துக்கு மேல் குறையும். லேப்பராஸ்கோப்பியில் (சிறு துளை வழி அறுவை) செய்தால் ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். கருக்குழாயை விடாமல் எடுக்க வேண்டும், பல நேரம் நோய் அதன் நுனியில்தான் தொடங்குகிறது. நோயியல் ஆய்வில் குழாயை மெல்லிய துண்டுகளாக வெட்டி முழுதாகப் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதவேண்டும். 'பிராக்கா' என்ற வார்த்தை அந்தச் சீட்டில் இல்லாவிட்டால் சாதாரண மாதிரியாக ஓரிரண்டு துண்டு பார்த்து அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு.

விலை உண்டு. திடீர் மாதவிலக்கு நிறுத்தம், உடம்பெல்லாம் அனல், தூக்கமின்மை, உறவில் வறட்சி, எலும்பு தேய்வு. மார்பகப் புற்று வராதவராக இருந்தால் ஏறக்குறைய 50 வயதுவரை ஹார்மோன் மாற்று மாத்திரை எடுக்கலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேனும் கால்சியமும் நடையும் திட்டத்தில் சேரட்டும். இந்தப் பேச்சை ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடுங்கள், கணவரும் உடனிருக்க.

மார்பகங்களை எடுப்பது?

ஆபத்தை 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும். ஆனால் நல்ல கண்காணிப்பு இருக்கும் ஒருவருக்கு இது தேர்வு, கட்டாயமல்ல. எடுத்து மறு உருவாக்கம் செய்தாலும் தொடு உணர்வு பெரும்பாலும் திரும்பாது. சிலிக்கான் வைத்தால் பிற்பாடு மாற்றும் ஆபரேஷன் தேவைப்படலாம். ஆண்டுதோறும் ஸ்கேன் நாள் வந்தாலே தூக்கம் போகிறது என்று இருப்பவர் ஒருவிதம், கண்காணித்துக்கொண்டே நிம்மதியாக இருப்பவர் ஒருவிதம். மாமியாரும் நாத்தனாரும் முடிவெடுக்க வேண்டிய விஷயமில்லை இது.

மாத்திரை போதாதா?

டமாக்ஸிஃபென் 20 மில்லிகிராம், தினம், 5 ஆண்டு. ஹார்மோன் ஏற்பியுள்ள புற்றைத்தான் அது தடுக்கிறது; பிராக்கா-1ல் பெரும்பாலும் வருவது டிரிபிள் நெகட்டிவ். அதனால் அங்கே பயன் குறைவு.

கல்யாணத்துக்கு இருக்கும் பெண். தெரிந்தால் வரன் அமையுமா?

இதைக் கேட்காத வீடு இல்லை. அம்மாவின் நோயையே 'கட்டி ஆபரேஷன்' என்று மறைத்துவைப்பதும் இதற்காகத்தான். ரிசல்ட் அந்தப் பெண்ணின் சொந்த ரகசியம், அவள் அனுமதியில்லாமல் ஆஸ்பத்திரி யாருக்கும் தரக் கூடாது. 21, 22 வயதில் சோதனை செய்யாமல் 25 வரை காத்திருப்பதாலும் மருத்துவத்தில் பெரிய நட்டமில்லை, ஏனென்றால் அதற்கு முன் செய்ய வேண்டிய ஸ்கேன் ஏதுமில்லை. கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் சொல்வதா என்பதை அவள்தான் முடிவெடுக்க வேண்டும். நிச்சயத்துக்கு முன் சொன்ன இடங்களில் சில சம்பந்தம் முறிந்ததுண்டு. கல்யாணத்துக்குப் பின் தெரியவந்த இடங்களில் நடந்தவை அதைவிட மோசம்.

சொந்தத்தில் கட்டுவதால் கூடுதல் ஆபத்து உண்டா?

உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. அம்மாவுக்கு பிராக்கா-2 பழுது இருந்தால் அவர் தம்பிக்கும் இருக்க 50 சதவீத வாய்ப்பு. அந்த மாமனை மகள் கட்டினால், இருவருக்கும் பழுது இருக்கும் பட்சத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பிரதியுமே பழுதாக வர 25 சதவீதம். அப்படிப் பிறக்கும் குழந்தைக்கு ஃபேன்கோனி ரத்தசோகை வரும்: ரத்த அணுக்கள் குறைவு, சில குழந்தைகளுக்குக் கட்டைவிரல் குறை, சிறு வயதிலேயே புற்று. பால்பி-2 பழுதுக்கும் இதே கணக்கு. மாமன் மகள், அத்தை மகன் முறைக்கும் பொருந்தும். எனவே சொந்தத்தில் கட்டியவர்கள், குழந்தைக்கு முன் கணவருக்கும் அந்த ஒரே இடத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் எதற்குச் சோதிக்க வேண்டும்?

பிராக்கா-2 உள்ள ஆணுக்கு வாழ்நாளில் 100க்கு 7 வரை மார்பகப் புற்று வரலாம், புரோஸ்டேட் புற்று ஆபத்தும் கூடும். 35 வயதிலிருந்து மார்பைத் தடவிப் பார்ப்பது, 40லிருந்து பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. அதைவிட முக்கியம், அவருடைய மகளுக்குத் தெரிய வேண்டும்.

சின்னப் பிள்ளைகளுக்கு?

18 வயதுக்கு முன் வேண்டாம். அந்த வயதில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, பின்னால் தெரிந்துகொள்வதா என்று முடிவெடுக்கும் உரிமை அவர்களுடையது. டி.பி.-53 மட்டும் விதிவிலக்கு, அதில் குழந்தைப் பருவத்திலேயே புற்று வரும்.

எனக்கு ஏற்கெனவே நோய் வந்துவிட்டது. இனி தெரிந்து எனக்கென்ன லாபம்?

சிகிச்சையே மாறலாம். பிராக்கா பழுது உள்ளவர்களுக்கு ஒலாபாரிப் என்ற மாத்திரை உண்டு. ஹெர்-2 இல்லாத, திரும்ப வரும் ஆபத்து அதிகமுள்ள ஆரம்பகட்ட நோயில் கீமோவுக்குப் பின் ஓராண்டு கொடுத்தால் பலன் உண்டு என்று 2021ல் தெரியவந்தது. மற்ற மார்பகத்தையும் சூலகத்தையும் என்ன செய்வது என்பதும் இதைப் பொறுத்தது. கூடுமானவரை ஆபரேஷனுக்கு முன்பே ரிசல்ட் கையில் இருந்தால் ஒரே அறுவையில் முடிவெடுக்கலாம்.

உறவினர்களிடம் எப்படிச் சொல்வது? பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் இருக்கிறார்கள்.

மரபணு ஆலோசகரிடம் 'குடும்பக் கடிதம்' கேளுங்கள். பழுதின் சரியான குறியீடு, ஆய்வகத்தின் பெயர், யார் யாருக்குச் சோதனை பொருந்தும் என்பது மட்டும் இருக்கும். உங்கள் நோய் விவரம் இருக்காது. பேச்சு இல்லாத வீட்டுக்கு அத்தை ஒருத்தி மூலமோ, தபாலிலோ அனுப்பலாம். விசேஷ வீட்டில், பந்தியில், எல்லார் முன்னும் ஆரம்பிக்காதீர்கள். ரிப்போர்ட்டின் மொத்த நகலும் வேண்டும். 'பிராக்கா பாசிட்டிவ்' என்று ஒரு வரி மட்டும் சொன்னால் அடுத்தவருக்கு ஆய்வகம் எந்த இடத்தைத் தேடும்?

சோதனையே வேண்டாம் என்று முடிவெடுத்தால்?

செய்யாமல் இருக்கலாம், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அப்போது குடும்ப வரலாற்றை வைத்தே கண்காணிப்பைத் தொடங்குங்கள்: குடும்பத்தில் மிக இளம் வயதில் வந்தவரின் வயதிலிருந்து 10ஐக் கழித்த வயதில், ஆனால் 30க்கு முன் மேமோகிராம் வேண்டாம், அதற்கு முன் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். கையில் படும் கட்டி, காம்பு உள்ளிழுப்பு, காம்பிலிருந்து ரத்தம், தோல் ஆரஞ்சுத் தோலாக மாறுவது, அக்குளில் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் தொடரும் வயிற்று உப்புசம் இவற்றில் எது வந்தாலும், சோதனை செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த மாதவிலக்குவரை பார்க்கலாம் என்று இருக்காமல் அந்த வாரமே அடுக்கம்பாறைக்கோ சி.எம்.சி.க்கோ போங்கள். வம்சாவளித் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.